பந்து கேட்ட சனிக்கிழமை

ரொட்டியை அவளுக்கு முக்கோணமாக வெட்டக் கூடாது. நீளவாக்கில் இரண்டு துண்டு, ஓரம் நீக்காமல். முக்கோணமாக வெட்டினால் தட்டோடு தள்ளிவிடுவாள். அப்புறம் சாயங்காலம் வரை வாயில் ஒன்றும் போகாது. எனக்குப் பதிலாக அந்த வீட்டுக்குப் போகிறவளிடம் இதை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. நீங்கள் எழுதும் விசாரணைப் படிவத்தில் இதற்கு இடமில்லை என்றால் தனித்தாளில் எழுதி அனுப்பிவிடுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை, ஐயா. வெட்கப்படவும் பெரிதாக ஒன்றுமில்லை.

பதினாறு வருடமாக நான் வீட்டு உதவிப் பணியாளர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு அரசாங்கம் அனுப்பும் ஆள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, கடைக்கும் பூங்காவுக்கும் கூட்டிப்போய் நாலு பேர் நடுவில் இருக்கப் பழக்குவது, அந்த நேரத்தில் பெற்றவளை வேலைக்குப் போகவோ கொஞ்சம் கண்ணயரவோ விடுவது. சொல்லும்போது சின்ன வேலை போலத்தான் தெரியும். ஒரு வாரம் செய்து பாருங்கள்.

இந்த வீடு எனக்குப் பத்தாவது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, நடைபாதை பார்த்த சமையலறை ஜன்னல். அம்மாக்காரிக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெண்ணுக்கு ஒன்பது வயது. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பாள், அதனால் எல்லோரும் கூப்பிடுவது பூனை என்று. பேச்சு கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மணிக்குப் பள்ளி வேனிலிருந்து அவளை இறக்கி, ஆறு மணிக்கு அம்மா வரும்வரை என்னிடம்தான் இருப்பாள். நாலு வருடம் அப்படி.

அந்த நாலு வருடத்தில் அவளுடைய வாய் நான்தான். இடது காதைத் தேய்த்தால் தண்ணீர். வாஷிங் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தால் யாரும் தொடக் கூடாது. முனகல் மேலே ஏறினால் பசி, கீழே இறங்கினால் தூக்கம். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாக்காரி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எனக்குப் போன் போடுவாள். "அக்கா, அரை மணி நேரமா கதவையே தட்டிட்டு இருக்கா. என்னதான் கேக்குறா?" நான் போனிலேயே அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டுச் சொல்வேன். "செருப்பை எடுத்துக் குடு. வெளியே போகணுமாம்." பெற்றவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. நான் பெருமையடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

போன வருடம் எங்களை அனுப்பும் அரசாங்கத் திட்டத்திலிருந்து ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் 'தண்ணீர்' என்று ஒரு குரல் சொல்லும். பழக்கிக் கொடுக்க ஒரு இளம்பெண் வந்தாள், பேச்சுப் பயிற்சி படித்தவள். என்னை ஆன்ட்டி என்றாள்; அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் சேர்க்கவும் நீக்கவும் நாலு எண் கொண்ட ஒரு பூட்டு. அந்த எண்ணை எனக்கும் அம்மாக்காரிக்கும் மட்டும் சொன்னாள். அம்மாக்காரி அடுத்த நாளே மறந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு," என்றாள் அந்தப் பெண். "எந்தப் படத்தையும் இடம் மாத்தாதீங்க. அவ படத்தைப் பார்த்து அழுத்தமாட்டா. விரலுக்கு இடம் ஞாபகம் இருக்கும். நம்ம வீட்டு ஸ்விட்ச் எங்க இருக்குன்னு நம்ம கைக்குத் தெரியுமில்ல, அது மாதிரி. இடம் மாறினா அவ சொல்றது ஒண்ணு, நமக்குக் கேக்கறது வேறொண்ணா ஆயிடும்."

நன்றாகப் புரியும்படி சொன்னாள். நான் அப்போதே புரிந்துகொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

பூனை ஏழே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். முதலில் பிஸ்கட், தண்ணீர். அப்புறம் ஒருநாள் ஆறு மணிக்கு அம்மா உள்ளே நுழைந்ததும் இரண்டு படத்தை அடுத்தடுத்துத் தொட்டாள். 'அம்மா. உட்கார்.' கைப்பையைக்கூடக் கழற்றாமல் அம்மாக்காரி தரையில் உட்கார்ந்து அழுதாள். 'அம்மா. உட்கார். அம்மா. உட்கார்.' இரண்டு பேரும் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருந்தார்கள். என் குடையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நான் கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை.

நான் தலை வாரிவிடும்போது எப்போதும் ஒரு பாட்டை முனகுவேன். நாலு வருடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வெள்ளிக்கிழமை அம்மாக்காரி சீக்கிரம் வந்திருந்தாள். நான் பாடிக்கொண்டே பின்னல் போட்டேன். பூனை மடியிலிருந்த டேப்லெட்டைத் தொட்டாள். 'நிறுத்து.' நான் முடிக்கவிருந்த வரியை முடித்தேன். 'நிறுத்து. நிறுத்து. நிறுத்து.'

அம்மாக்காரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நாலு வருஷமா வாய் இல்லாத குறைதான்க்கா. இல்லேன்னா என்னைக்கோ சொல்லியிருப்பா."

நானும் சிரித்தேன். அந்தப் பொத்தானில் ஏதோ கோளாறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் எங்கள் மேற்பார்வையாளர் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். "இது உங்க வெற்றிதான்மா," என்றார். "இனி வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். அப்புறம் அதுவும் தேவைப்படாது. நீங்க இல்லாம ஒரு குடும்பம் சமாளிக்கிற நாளைத்தானே நாம எதிர்பார்க்கிறோம்? காத்துக்கிட்டிருக்கிற வீடு எவ்வளவோ இருக்கு."

அப்படி ஒன்பது வீட்டில் வெற்றி பெற்றிருக்கிறேன், ஐயா. நாலாவது வீட்டுப் பெண்ணை ஒருமுறை கடையில் பார்த்தேன். மூன்று வருடம் நான் குளிப்பாட்டிய பெண். அவளுடைய அம்மா, "யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், பிறகு சோப்பு அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டாள். காரியம் ஆனதும் ஆளைக் கழற்றிவிடுவதற்கு உங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் வெற்றி.

முதலில் மாற்றியது 'நிறுத்து'வைத்தான். அந்த இடத்தில் 'இன்னும்' படத்தை வைத்தேன். மறுநாள் தலை வாரும்போது தொட்டாள். 'இன்னும்' என்றது. நான் பாடினேன். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தொட்டாள். 'இன்னும். இன்னும்.' கேட்டதைத்தான் கொடுத்தேன்.

அப்புறம் காதும் காதும் வைத்தமாதிரி, ஒரு தடவைக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு. தண்ணீர் இருந்த இடத்தில் செருப்பு. அம்மா இருந்த இடத்தில் ஊஞ்சல். அவள் வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வேன். ஒரு நிமிட வேலை. தினக்குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. 'கருவியில் ஆர்வம் குறைகிறது. பொருளில்லாமல் அழுத்துகிறாள்' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. கட்டைவிரல் அடியைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். தோல் கன்றிப்போனது. அதற்கு மருந்து போட்டதும் நான்தான், வேறு யாருமில்லை.

அம்மாக்காரி மறுபடி போன் செய்ய ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் மூன்று தடவை. "அக்கா, இந்தச் சனியன் பிடிச்ச மெஷின் வந்ததிலேர்ந்து குழந்தை இன்னும் குழம்பிப் போயிட்டா. உங்களுக்குத்தான் புரியும், சொல்லுங்க." சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் என்ற பேச்சைத் தள்ளிவைத்தார்கள். டேப்லெட் அவளுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று முடிவு செய்ய அந்தப் பயிற்சிப் பெண் ஒரு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு வரிசையை முழுவதுமாக மாற்றினேன். உடம்பு சம்பந்தமான படங்கள் இருந்த வரிசையில் விளையாட்டுச் சாமான்களை வைத்தேன். குளிர் இருந்த இடத்தில் பொம்மை. வலி இருந்த இடத்தில் பந்து.

சனி, ஞாயிறு என் வேலை நாள் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. நடந்ததைப் பிறர் சொல்லித்தான் கேட்டேன்.

சனிக்கிழமை காலை எழுந்ததிலிருந்து பூனை டேப்லெட்டை விடவில்லையாம். 'பந்து. பந்து.' பல வாரம் கழித்துத் தெளிவாக ஒன்றைக் கேட்கிறாளே என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புப் பந்தை எடுத்து உருட்டினாள். பூனை அதைத் தொடாமல் மறுபடி அழுத்தினாள். வேறு பந்து வேண்டுமோ என்று கடைக்கு ஓடிப்போய் ஒரு நீலப் பந்து வாங்கிவந்தாள். மெத்தையில் காலை மடக்கிச் சுருண்டு படுத்துக்கொண்டு, பெண் அப்போதும் பந்துதான் கேட்டாள். சுருண்டு படுப்பது அவளுக்கு வழக்கம்தான். சாயங்காலம் உடம்பு சுட்டது. மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு காலை வாந்தி. வயிற்றைத் தொட்டதும் அந்தக் குழந்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அப்பெண்டிக்ஸ் வெடித்து உள்ளே முழுக்கப் பரவியிருந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சை, இருபத்து மூன்று நாள் படுக்கை. பிழைத்துவிட்டாள். முந்தின நாள் மதியம் கொண்டுவந்திருந்தால் சின்ன விஷயம் என்றாராம் டாக்டர்.

மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் அம்மாக்காரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூன்று நாளாக மாற்றாத கசங்கிய உடுப்பு, கையில் டேப்லெட். பயிற்சிப் பெண் மருத்துவமனைக்கே போய் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். எந்தப் படம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நகர்ந்தது என்று கருவி தானாகவே குறித்துக்கொண்டே வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. எல்லாம் வேலை நாட்கள். எல்லாம் ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அக்கா, அவ வலின்னுதானே சொன்னா?" என்று கேட்டாள். "நாள் முழுக்க வலின்னு சொல்லிட்டே இருந்திருக்கா. நான் பந்தை உருட்டி விட்டுட்டு இருந்திருக்கேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீ மெஷினைக் கேட்டே," என்றேன். "குழந்தை முகத்தைப் பார்த்தியா? நான் நாலு வருஷம் முகத்தைத்தான் பார்த்தேன்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அதைக் கேட்டதற்காக நான் வருந்தவில்லை. நியாயமான கேள்விதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் போன் விவரங்களை எடுத்திருப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டேகாலுக்கு அம்மாக்காரி என்னைக் கூப்பிட்டாள். அத்தனை சந்தோஷமாக அவள் குரலை நான் கேட்டதே இல்லை. "அக்கா, பூனை இன்னைக்குப் பந்து கேக்குறா. காலையிலேர்ந்து இருபது தடவையாவது கேட்டிருப்பா. ஆனா குடுத்தா வாங்க மாட்டேங்குறா. ஏன்க்கா?"

பின்னால் அந்தக் குரல் கேட்டது. 'பந்து. பந்து. பந்து.' அதற்கு நடுவில் பூனையின் முனகல். மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் ஒரே இடத்தில் நின்ற முனகல். நான் அதற்கு முன் கேட்டிராதது. எந்தக் கட்டத்தைத் தொடுகிறாள், அங்கே முந்தின நாள் வரை என்ன இருந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"விளையாட்டுக் காட்டுறா," என்றேன். "நீ உருட்டிக்கிட்டே இரு."

வலி என்று சொல்லியிருந்தால் படத்தை மாற்றியதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். சாதாரண வயிற்றுவலியாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். அதைவிட, அவளே பார்த்துப் பார்த்து முடியாமல் என்னை வரச்சொல்லிக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிறு மதியம் வரை நாற்காலியில் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் போயிருப்பேன். அவர்கள் கூப்பிடவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தச் சனிக்கிழமை பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் புரியவில்லை. கருவிக்கும் புரியவில்லை. குழந்தைக்கு வலிக்கிறது என்று தெரிந்துகொண்டது இந்த ஊரில் ஒரே ஒருத்திதான், அதுவும் போனில் கேட்டே. அப்படிப்பட்டவளையா அந்த வீட்டுக்கு இனி வர வேண்டாம் என்கிறீர்கள்?