ஆரஞ்சுச் சுவை மாத்திரை

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நாற்காலியை உடைத்தது நான்தான் சார். உட்கார்ந்தேன், அது கால்களைப் பரப்பிவிட்டது. உடம்பு இளைக்க அறுவை சிகிச்சை செய்கிற இடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த உணவு ஆலோசகர் அம்மா என் சுற்றளவைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டிய நோயாளி நான்தான் என்று முடிவுகட்டி, தன் அறைக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். நிஜ நோயாளி, என் அக்கா புருஷன், உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. யாராவது அக்கறையாகப் பேசினால் குறுக்கிட எனக்கு மனசு வராது.

"குடலோட வழியையே மாத்தியிருக்கோம். தின்னுற சத்து முழுசா ஒட்டாது. கால்சியமும் வைட்டமின் டி-யும் ஆயுசு பூரா எடுக்கணும்."

"விட்டுட்டா என்னம்மா ஆகும்?"

"ரொம்ப நாளைக்கு ஒண்ணும் தெரியாது. ரத்தத்துக்கு வேணுங்கிறத உடம்பு எலும்புல இருந்து சுரண்டிக்கும். ஒருநாள் எலும்பு உடைஞ்சாதான் தெரியும்."

வெளியே வந்த மாமா, "என்ன மாப்ள சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஏதோ மாத்திரையாம் மாமா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். அக்காவுக்காக.

அவளும் என் உருவம்தான். நாங்கள் சேர்ந்து நின்றால் வாசலில் வெளிச்சம் வராது. அதற்கு முந்தைய வருஷம், ஒருநாள் காலையிலிருந்து அவளுக்கு நெஞ்சு வலி. வீட்டில் இருந்தது மாமா மட்டும். சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை.

"ஏன் மாமா கூட்டிட்டுப் போகல?" என்று கேட்கும்போதெல்லாம், "விடு மாப்ள" என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கழுவப் போய்விடுவார். அவளுக்காக ஓடாத கால், தான் இளைக்க மட்டும் ஓடியது. அந்தக் காலைத்தான் நான் குறிவைத்தேன்.

நான் வேலை பார்ப்பது மிட்டாய்த் தொழிற்சாலையில், மாவை வட்டமாக அழுத்தித் தள்ளும் இயந்திரத்தில். மாத்திரையும் அதே மாதிரிதான் பிறக்கிறது. மென்று தின்னும் கால்சியம் மாத்திரையின் அளவு, ஆரஞ்சு வாசனை, நடுவில் ஒரு கோடு, எல்லாம் என் மிட்டாயில் அப்படியே கொண்டுவந்தேன். சர்க்கரை மட்டும் சேர்க்கவில்லை. அந்த அறுவைக்குப் பிறகு சர்க்கரை உள்ளே போனால் வயிற்றைப் புரட்டி மயக்கம் வருமாம். அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.

வருஷக்கணக்கில், வாராவாரம் மாத்திரை டப்பாவை நிரப்பிக் கொடுத்தேன். "பெத்த பிள்ளகூட இப்படிப் பாக்காது மாப்ள" என்று கண் கலங்குவார். எனக்கும் கலங்கும், நான் சீக்கிரம் அழுகிற ஜாதி. மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, "நல்லாத்தானே இருக்கீங்க, ஊசிக்கு என்ன அவசரம்?" என்றேன். என் பேச்சைக் கேட்டார். ஆள் பாதியானார். அவர் விட்ட பாதி என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது மணிக்கட்டு போனது. "மூடி ரொம்ப இறுக்கம் மாமா" என்றேன். பிறகு நடைபாதையிலிருந்து தெருவில் கால் வைத்தபோது இடுப்பு. எல்லாரும் விழுந்து எலும்பை உடைத்துக்கொள்வார்கள். அவர் எலும்பு உடைந்து விழுந்தார். நனைந்த பிஸ்கட்டில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது, இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது. வேலை சுத்தமாக முடிந்ததில் ஒரு திருப்தியும் இருந்தது.

நேற்று கட்டில் ஓரம் நின்றபடி சொன்னேன். உட்காரவில்லை, அங்கேயும் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

"மாமா, நீங்க இத்தன நாளா தின்னது மிட்டாய். நான் செஞ்சது. இப்பவாவது சொல்லுங்க, அக்காவ ஏன் கூட்டிட்டுப் போகல?"

கத்துவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் மாப்ள. வாசல்ல வண்டிய நிறுத்திட்டு அவ காலப் புடிச்சுக் கெஞ்சினேன். வர மாட்டேன்னுட்டா. 'அங்க எடை மெஷின்ல ஏத்துவாங்க, தம்பிக்குத் தெரிஞ்சா அதச் சொல்லியே ஊரச் சிரிக்க வைப்பான்'னா."