ஸ்காட்லாந்துக்குப் போன கஞ்சித் துணி

வில்லியனூரில் பேருந்து கிளம்பியதும், முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"ஆம்பளைங்க கட்டற பாவாடைக்குத் துணி நெய்யற வேலை அண்ணி. ஸ்காட்லாந்துல. கெடச்சிருச்சு."

"இன்னாடி சொல்ற? நீ கைலி நெய்யறவ."

"அதுவும் கட்டம் போட்டதுதான், ஆனா கம்பளி நூலு. மாதிரிக்கு ஒரு துண்டு நெய்து அனுப்பச் சொன்னாங்க. பழக்கதோஷத்துல, கைலிக்குப் போடற மாதிரியே பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுட்டேன். துணி அட்டையாட்டம் வெறச்சுப் போச்சு. அப்படியே அனுப்பிட்டேன்."

"அப்புறம் எப்படி எடுத்தாங்க?"

"தண்ணியில அலசிப் பாத்தாங்களாம். ஒரு கட்டம்கூடக் கோணல் இல்லையாம். தை மாசம் வரச் சொல்லிட்டாங்க."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அரியூர் வரும்வரை விடவில்லை.

"போனதும் மொதல்ல உங்கண்ணனுக்கு அந்தப் பாவாடை ஒன்னு நெய்து அனுப்புடி. கைலிய முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டிக்கினுதான் ஊரெல்லாம் சுத்தறாரு."