பீப்பாயில் எழுதும் பெயர்

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். அதனாலோ என்னவோ, அங்கே தேநீர் ஒருநாளும் வாய்க்கு உருசியாக இருந்ததில்லை. அந்தச் சப்பென்ற தேநீரைக் குடித்துத்தான் ஆறு வருடம் வேலை செய்தேன். குறையாகச் சொல்லவில்லை. முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

என் பெயர் அருமைநாதன். ஊர் மட்டக்களப்பு, வயது ஐம்பத்தெட்டு. கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஒன்பது வருடம் பெட்டி தூக்கி முதுகு போனபின், இந்த விஸ்கி வடிக்கும் இடத்துக்குப் போனேன். மொன்றியலிலிருந்து வடக்கே வான் வண்டியில் இரண்டு மணி நேரம், பனிச்சறுக்குக்காரர் போகும் இடத்துக்கும் மேலே. முதலாளி லூசியான் பழைய இராணுவ அதிகாரி. உயரத்தில் வடித்து உயரத்திலேயே பீப்பாயில் கிடந்தால் விஸ்கிக்கு வேறொரு குணம் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. படையிலிருந்து உடைந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பது அவருக்கு நேர்த்திக்கடன் மாதிரி. படைக்கே போகாதவர்கள் என்னோடு மூன்று பேர்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த இடத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய படைவீரர் இறந்தால், நல்ல பீப்பாய் ஒன்றில் அவர் பெயரை எழுதுவார்கள். அது விற்ற வருமானம் அவர் வீட்டுக்குப் போகும். திறக்கும் நாளில் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுற்றி நின்று ஆளுக்கு ஒரு மிடறு குடிப்பார்கள். பெயர் எழுதுவது நான்.

நாற்பத்தொன்பது வயது வரை நான் எழுத்தறியாதவன். பண்டகசாலையில் இருந்தபோது பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்தச் சூட்டோடு தமிழையும் படித்துக்கொண்டேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முதலாளிதான் தூரிகையைத் தந்தார். ஏழு பெயர் எழுதினேன். ஏழாவது பெயரை இறந்தவரின் மனைவி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து "மெர்சி" என்று நன்றி சொன்னாள். அதுவரை என் கையிடம் ஆட்கள் கேட்டது பாரம் தூக்கத்தான்.

பிறகு இரண்டு வருடம் ஒருவரும் சாகவில்லை.

றெக்ஸ் மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை. புரோசார்டில் வளர்ந்து, கனடா இராணுவத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தான் போய் வந்தவன். கதவை யாராவது அடித்துச் சாத்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவான். மலையில் என்னோடு தமிழ் கதைக்க இருந்தது அவன் ஒருவன்தான். நான் தூரிகையைச் சும்மா கழுவிக் காயவைப்பதைப் பார்த்து ஒருநாள் பகிடி விட்டான்.

"என்ன அண்ணை, ஒருத்தரும் சாகிறாங்கள் இல்லையெண்டு கவலையோ?"

"போடா மனே, விசர்க்கதை கதையாதை."

"பொறுங்கோ, நான் போறன். ஆனா கோணலா எழுதினீங்களெண்டால் எழும்பி வருவன்."

இருவரும் சிரித்தோம்.

நத்தார் ஒன்றுகூடலில் அவனுடைய தாய் பிலோமினம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கண் கலங்கினார். "இவன் நித்திரையிலை கத்திறதைக் கேட்டுக்கொண்டு எப்பிடித் தம்பி இருக்கிறது? ஆண்டவர் எங்கள் ரெண்டு பேரையும் ஒண்டாக் கூப்பிட்டால் காணும்." ஒரு தாய் சொல்வதை நான் இலேசாக எடுக்கிறவன் இல்லை.

புதுவருடம் பிறந்து வேலைக்குப் போனபோது, பீப்பாய் மரத்தில் எழுத்தைச் சுட்டு எழுதும் மெசின் ஒன்று சித்திரையில் வருவதாக முதலாளி சொன்னார். எனக்கும் வேலை குறையுமாம். நல்ல மனதோடுதான் சொன்னார்.

பங்குனி பதினோராம் திகதி தானியக் கூழ் புளிக்கவைக்கும் பெரிய தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. கூழை எடுத்தபின்னும் புளிப்பில் கிளம்பிய வாயு அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாது, இறங்கியவனைச் சில நிமிடத்தில் விழுத்திவிடும். அதனால் ஒரு மணி நேரம் விசிறி விட்டு, மீட்டரை இறக்கிப் பார்த்து, அது காட்டும் இலக்கத்தைத் தாளில் எழுதிய பிறகுதான் ஒருவர் இறங்கலாம். மற்றவர் மேலே அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்து நிற்பார். கயிறு பிடிப்பவர்தான் தாளும் எழுத வேண்டும்.

அன்று நான் விசிறி போடவில்லை. மீட்டரும் இறக்கவில்லை. தாளை மட்டும் திருத்தமாக எழுதினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த றெக்ஸ், "விசிறி விட்டதோ அண்ணை?" என்று கேட்டான். தாளைக் காட்டினேன்.

"நீங்கள் எழுதினால் பிறகென்ன," என்று ஏணியில் கால் வைத்தான். "சித்திரையிலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு இல்-பிசாருக்கு வீடு மாறுறன் அண்ணை. சத்தமில்லாத இடம். இப்ப ஆறு கிழமையா நல்ல நித்திரை, தெரியுமோ?"

"சந்தோசம் மனே," என்றேன். பொய்யில்லை. மனம் ஆறியிருக்கும் நேரத்தில் போவது நல்லது என்று பட்டது.

கீழே தேய்க்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, "அண்ணை, தலை சுத்துது. இழுங்கோ," என்றான். அடுத்த தரம் "அண்ணை" என்பது மட்டும் வந்தது. கயிறு என் உள்ளங்கையில் இறுகியது. நான் அதைக் கைவிடவில்லை. கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அது தளர்ந்து சில நிமிடம் போனபின் உதவிக்குக் கூப்பிட்டேன், பலமாக.

செத்தவீட்டில் பிலோமினம்மா என் தோளில் விழுந்து அழுதார். "இப்பதானே தம்பி அவன் நித்திரை கொள்ளத் தொடங்கினவன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துக்கத்தில் ஆட்கள் முன்பு சொன்னதை மறந்துவிடுகிறார்கள். பீப்பாயில் அவன் பெயரைக் கண்டால் ஆறியிருப்பார். அதற்குள் விசிறி அன்று ஓடவேயில்லை என்று பொலிஸ்காரர் நீங்கள் கண்டுபிடித்து என்னைக் கூட்டிவந்துவிட்டீர்கள்.

றெக்ஸை நான்தான் கொன்றேன். அவன் படும் வேதனையைப் பொறுக்கமாட்டாமல் கொன்றேன். வேறொரு காரணமும் இல்லை.

என் அலுமாரியில் எடுத்த அட்டைகளைப் பற்றி மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். ஓம், பதினெட்டிலும் அவன் பெயர்தான். தை மாதம் தொடங்கினேன். முன்பு எழுதிய ஏழு பெயரில் ஒன்றிலும் அந்த 'எக்ஸ்' எழுத்து வந்ததில்லை. இரண்டு கோடும் நடுவில் சரியாக வெட்ட வேண்டும். கை பழக நாளெடுக்கும்.