தடுப்பில்லாத கலம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், காம்பிரா என்கிற ஒற்றை அறையில் வளர்த்து ஆளாக்கினேன். போன கிழமை புளத்கொகுபிட்டியவிலிருந்து கேகாலைக்குப் போகும் பஸ்ஸில், உயர்தரம் படிக்கும் எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். தோட்டத்தில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனவள் ரதி. செல்வி இன்னும் லயத்தில்தான்.

ரதி விரலில் ஒரு சாவியைச் சுழற்றினாள். “எனக்குன்னு தனி ரூமுடி. கதவுக்குப் பூட்டுகூட இருக்கு.”

செல்வி அந்தச் சாவியையே பார்த்தாள். “நீங்க யூகரியோட்டா ஆயிட்டீங்க. நாங்க இன்னும் புரோகரியோட்டாதான்.”

“என்னடி ஒளர்ற?”

“பயோ சேர் சொன்னாருல்ல? யூகரியோட்டாக் கலத்துல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அறை மாதிரி. புரோகரியோட்டாக் கலத்துக்குள்ள தடுப்பே கெடையாது. கருவுக்குன்னு தனி உறைகூட இல்ல. பாக்டீரியா அப்பிடித்தான், எல்லாம் ஒரே எடத்துல கெடக்கும். எங்க காம்பிராவும் அதே மாதிரிதானே? அடுப்பு, பாயி, தம்பி, எம் புத்தகம்.”

“ஆனா பயோவுல நீதானே மொதலாவது? ரூம் குடுத்தும் என்னா பிரயோசனம்னு எங்கம்மா தெனம் என்னையக் கொல்றாங்க.”

“அப்ப மாத்திக்குவமா? மார்க்ஸ நீ எடுத்துக்க. சாவிய எங்கிட்ட குடு.”

செல்வி கையை நீட்டினாள். ரதி சிரிக்கவில்லை. சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தரும் பேத்தியிடம் சொன்னேன்:

“கண்ணு, எங்க காம்பிரா மாதிரி இருக்குற அந்தக் கலத்தோட பேரு வருதுல்ல, அந்த எடத்த இன்னொருக்கா வாசி. ஆறு புள்ளைய வளத்த எடத்துக்கு இப்பத்தான் ஒரு பேரு கெடச்சிருக்கு.”