முட்டுக் கொடுத்த புது மெஷின்

“‘அந்த வாஷிங் மெஷினை நான் தொட்டதுகூட இல்ல அத்தை! தொட்டதுகூட இல்ல!’ மூணு நாளா இதே பல்லவிதான் என் மருமக. அதோ, அந்த ரூமைச் சாத்திக்கிட்டு பெட்டி கட்டறா. அஞ்சு மணிக்கு டாக்ஸியாம், அம்மா வீட்டுக்கு! போகட்டுமே. மெக்கானிக் வந்து டிரம்மைச் சுத்த விடற பேரிங்கைக் கழட்டினா குட்டு உடைஞ்சுடும்னு சொல்லித்தான் உங்களை வரவழைச்சேன். நல்லா பாருங்க தம்பி.

என் பொண்ணு தனிக்குடித்தனம் போகும்போது கொடுக்கணும்னு வாங்கி, பதினோரு மாசமா சுவிட்சே போடாம வெச்சிருந்தேன். மூணு நாள் முன்னாடி ஓட்டிப் பார்த்தா… அப்பப்பா, கல்லை அள்ளிக் கொட்டின மாதிரி சத்தம்! யாரும் ஓட்டாம பேரிங் எப்படிப் போகும்? கான்வென்ட்ல படிச்சவ நான், என் காதுலயா பூ சுத்தறது?

என்னது… ஓடியிருந்தா வளையம் முழுக்க ஒரே பட்டையா தடம் விழுமா? சரி. தண்ணி இறங்கியிருந்தா துரு. அதுவும் இல்ல. அப்போ இந்தக் குழியெல்லாம்? ஒண்ணு, ரெண்டு… எட்டு. உள்ள இருக்கற குண்டும் எட்டா? நின்ன இடத்துலயே நின்னு அதிர்ந்து அதிர்ந்து விழுந்த குழியா? சும்மா நிக்கறது எதுக்குப்பா அதிரணும், குளிர் ஜுரமா?

பக்கத்துல எதுவும் ஓடுதான்னா… ஓடுது, பழைய மெஷின். துணி பிழியறப்போ ஒரு ஆட்டம் போடும் பாருங்க, கதவு வரைக்கும் நடந்துடும்! அடியில ரப்பர் வாங்கிப் போடுங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி… செவிடன் காதுல ஊதின சங்கு. அதனால நானே… அது நகராம இருக்க… புதுசை இழுத்து முட்டுக் கொடுத்தேன்.

பழசை தினம் ரெண்டு தடவை ஓட்டுவேன்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கறீங்க? தூசி படக்கூடாதுன்னு மேல கம்பளிகூடப் போர்த்தினேனே!

மருமக அப்பவே சொன்னா. ‘புது மெஷின் அதிருது அத்தை, தள்ளி வைங்க.’ நீ ஓட்டிப் பார்க்காம அது அதிருதுன்னு உனக்கெப்படிடி தெரியும்னு, அதையே சாட்சியாப் பிடிச்சுக்கிட்டேன்…

தம்பி, ஒரு உபகாரம். நீங்களே அந்தக் கதவைத் தட்டி, இதுல யார் மேலயும் தப்பில்ல, பேரிங்குக்குன்னே வர்ற வியாதின்னு… தம்பி? அட, ஸ்பேனரைக்கூட விட்டுட்டு ஓடிட்டாரே!

…அம்மாடி, கதவைத் திற. பழைய மெஷினைத் தள்ளி வைக்கணும். ஒத்தை ஆளா முடியல எனக்கு. வந்து ஒரு கை பிடியேன்…”