எட்டுப் பெண்கள்

“பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு?” என்று என் பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். இன்று அரியலூரில் கணக்கு டீச்சர்.

சனிக்கிழமை பெரம்பலூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் இருந்தார்கள். மகள் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

“ஒரு வகுப்பில் ஐந்தில் மூன்று பங்கு பையன்கள். மீதி எட்டுப் பேர் பெண்கள். மொத்தம் எத்தனை பேர்? எங்க கிளாசுலயும் எட்டுப் பொண்ணுங்கதாம்ப்பா.”

“ஏழுன்னு போட்டுக்க.”

“ஏம்ப்பா?”

“மாமா வூட்டுல பேசி முடிச்சாச்சு. தை மாசம் ஒனக்குக் கல்யாணம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குப் பதின்மூன்று வயதுகூட இருக்காது. அவள் பென்சிலை எடுத்தாள்.

“ஏழு போட்டா கணக்கு வராதுப்பா. பொண்ணுங்க அஞ்சுல ரெண்டு பங்கு. ஏழு பேருன்னா ஒரு பங்குக்கு மூணரை ஆளு. அரை ஆளு எப்படிப்பா கிளாசுல உக்காரும்?”

“ரொம்பப் பேசற. எட்டுன்னா மட்டும் வந்துடுமாக்கும்?”

“வரும். பங்குக்கு நாலு, மொத்தம் இருபது. நான் இருந்தாத்தான் வரும்.”

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரளியில் கண்டக்டர் விசில் கொடுத்ததும் இருவரும் எழுந்து இறங்கினார்கள்.

என் டிக்கெட் அரியலூர் வரை இருந்தது. பஸ் கிளம்புவதற்குள் நானும் இறங்கிவிட்டேன்.