பின்னத்தின் கீழ்ப்பாதி

நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன், சார். வருஷக்கணக்காகத் திரையைப் பார்த்ததில் என் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

மருத்துவ நூல்கள் போடும் எங்கள் பதிப்பகத்தில், எழுத்தையும் சூத்திரத்தையும் அடுக்கி அச்சுக்குப் பக்கம் கட்டும் பிரிவுக்கு நான்தான் தலைவன். கதைப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பக்கம் கட்டிவிடலாம். ஒரு பின்னத்தின் தலைமேல் இன்னொரு பின்னம் ஏறி, பக்கத்தில் ஒரு வர்க்கமூலமும் வந்து உட்கார்ந்தால்தான் யார் வேலைக்காரன் என்று தெரியும்.

எங்களிடம் பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. அதில் மவுஸுக்கு வேலையே இல்லை. இது பின்னம், இது மேலே, இது கீழே என்று கட்டளைகளாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தை அது கட்டித் தரும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் பக்கமே தராது. எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது. "உங்களுக்கு ஏத்த ஜோடி நான் இல்ல, அதுதான்" என்பாள் என் மனைவி.

என் தங்கையின் கணவரை நான்தான் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரர். எதையும் மவுஸால் இழுத்து இழுத்தே செய்வதால் பிரிவில் அவருக்கு 'எலி' என்று பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். புது மென்பொருளைக் கொண்டுவந்தது அவர்தான்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய மேலாளர் ஒரு கூட்டம் போட்டார். நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தைக் கட்டிக் காட்ட வேண்டும். என் பக்கம்தான் அழகு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நான் முடிக்கும்போது எலி காபியைக் குடித்து முடித்திருந்தார்.

"அழகு சரி சார், ஆனா உங்களைத் தவிர இதை யாரு ஓட்டுவா? நீங்க லீவு போட்டா புத்தகமும் சேர்ந்து லீவு போடுதே," என்றார் மேலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புது மென்பொருள் தப்பைச் சொல்லாது, தப்போடு சேர்த்தே பக்கத்தைக் கட்டிக் கொடுத்துவிடும் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் எலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதீங்க மச்சான். எப்பவும் நீங்கதான் எனக்குப் பெரியவர்." மேலாளர் சொன்னதைவிட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

புது மென்பொருளில் முதல் வேலை, குழந்தைகள் வார்டுக்கான மருந்தளவுக் கையேடு. ஊசி மருந்துக்கு அதில் ஒரு சூத்திரம் உண்டு. குழந்தையின் எடையை மருந்தளவால் பெருக்கி, குப்பியில் உள்ள மருந்தின் செறிவால், அதாவது மில்லிக்குப் பத்து மில்லிகிராம் என்றால் பத்தால், வகுக்க வேண்டும். எத்தனை மில்லி போடுவது என்று வரும். பெரிய அளவில் கட்டிய பக்கங்களைக் கையேட்டை எழுதிய டாக்டர் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டார். பிறகுதான் சட்டைப்பைக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கச் சொன்னார்கள். எலி வரி இடைவெளியை இறுக்கினார். அந்த மென்பொருளில் ஒவ்வொரு சூத்திரமும் ஒரு பெட்டி. வரி குறுகினால் பெட்டிக்கு வெளியே பிதுங்குகிற பாகம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பின்னத்தின் கோடும் கோட்டுக்குக் கீழே இருந்த செறிவும் மறைந்துவிட்டன. மேல்பாதி மட்டும் முழுச் சூத்திரம் மாதிரி நின்றது. வகுத்தல் போனதால் கணக்குப் போட்டால் பத்து மடங்கு மருந்து வரும்.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாகச் சரிபார்ப்பது என் வேலை. பார்த்தவுடனே கண்ணில் பட்டுவிட்டது. எனக்குப் படாமல் இருக்குமா? பேனாவை எடுத்தேன். திருத்தாமல் கையெழுத்து மட்டும் போட்டேன்.

யாரையும் சாகடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்ததும் கூப்பாடு போடுவார்கள், புத்தகம் மூட்டையாகத் திரும்பி வரும், மேலாளர் என் மேசைக்கு வந்து நிற்பார். இவ்வளவுதான் நினைத்தேன்.

யாரும் கூப்பாடு போடவில்லை. ஒரு நர்ஸ் பதிப்பகத்துக்குப் போன் செய்தார், எடுத்தது நான். மிகவும் மரியாதையான குரல்.

"சார், புதுக் கையேட்டுல இந்த ஊசி அளவு ரொம்பப் பெருசா வருது. பழசைவிடப் பத்து மடங்கு. அச்சுல ஏதாவது விட்டுப்போச்சா?"

வாய் தவறிச் சொன்ன பதில் இல்லை, சார். யோசித்துத்தான் சொன்னேன். ஆமாம் என்றால் என்ன நடக்கும்? ஒரு திருத்தச் சீட்டு அடித்து உள்ளே ஒட்டுவார்கள். எலி மன்னிப்புக் கேட்பார். வரியைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். மென்பொருள் அப்படியே இருக்கும். சீட்டோடு முடிகிற தப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"விட்டுப்போகலைம்மா. புது ஆராய்ச்சிப்படி அளவைக் கூட்டியிருக்காங்க. பெரிய டாக்டரே பார்த்தது," என்றேன்.

"அப்படியா சார். பச்சைக் குழந்தைக்குப் போடணும், அதான் ஒரு தடவை கேட்டுக்கலாம்னு. நீங்க சொன்னா சரி."

"தைரியமாப் போடுங்க," என்றேன்.

அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை என்று பிறகு கேள்விப்பட்டேன். பதிப்பகத்தில் கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று அந்த நர்ஸ் அழுதாராம். தன் தப்பை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்று வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பக்கத்தைச் சுருக்கியவர் என்று எலியை நீங்கள் கைது செய்தீர்கள்; என் கையெழுத்தை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிட்டீர்கள். என் தங்கை வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, அவர் வேணும்னு செய்யலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மேலாளர் என்ன முடிவு எடுக்கிறார் என்று தெரிய வேண்டியிருந்தது.

நேற்று முடிவு சொன்னார். மென்பொருளில் குறையே இல்லையாம். ஆள்தான் கவனக்குறைவாம். அதே மென்பொருளின் அடுத்த பதிப்பை வாங்கப் போகிறார்களாம், எல்லோருக்கும் பயிற்சியும் உண்டாம். அதனால்தான் இன்று உங்களிடம் வந்தேன்.

எலியை விட்டுவிடுங்கள். நர்ஸ் சொன்னது பொய் இல்லை. தெரிந்தே கையெழுத்துப் போட்டதும், தெரிந்தே போடச் சொன்னதும் நான். குற்றவாளி என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள், மறுக்கவில்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில் அந்த மென்பொருளின் பெயரைத்தான் எழுத வேண்டும். பாவம், அந்தக் குழந்தையைப் பெற்றவள் தவறான ஆள்மேல் கோபப்பட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.